வோல்ட் வந்த வழி: தில்லியிலிருந்து கோவை வரை

கோயம்புத்தூரின் மோட்டார்ப் பட்டறை ஒன்றில் மல்டிமீட்டர் காட்டும் 230 வோல்ட் என்னும் எண், அந்தப் பட்டறையில் பிறந்ததன்று. புதுதில்லியில் காக்கப்படும் ஒரு தரநிலையிலிருந்து, இடைநிலை ஆய்வகங்கள் சிலவற்றின் வழியே படிப்படியாக இறங்கி வந்த எண் அது. ஒவ்வொரு படியிலும் கீழுள்ள கருவி மேலுள்ள கருவியோடு ஒப்பிடப்பட்டு, அது எவ்வளவு விலகிக் காட்டுகிறது என்பது எழுதப்படுகிறது; தொழிற்கூடங்களில் கேலிபரேஷன் என்று வழங்கும் அளவுத்திருத்தம் இந்த ஒப்பீடும் பதிவுமே ஆகும். எழுதப்பட்ட விலகலைப் பொறுத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பது அதற்கு அடுத்து எழும் வேறொரு வினா. அந்த வினாவுக்கு யார், எந்த அடிப்படையில் விடை சொல்கிறார் என்பதை அறிய விரும்புவோர், வோல்ட் இறங்கி வரும் அதே திசையில், தில்லியிலிருந்து பெங்களூரு வழியாகக் கோவை வரை பயணம் செய்து பார்ப்பது பயனுள்ளது.

பயணத்தின் தொடக்கம் தில்லியின் பூசா பகுதி. வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை வயல்களுக்கு அருகே, டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலையில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ளது. 1947 ஜனவரி 4 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1950 ஜனவரி 21 அன்று வல்லபபாய் பட்டேல் திறந்து வைத்த இந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் சி. வி. இராமனோடு உடனிருந்து உழைத்தவர். நாட்டின் கிலோகிராம், மீட்டர், நொடி, ஆம்பியர் ஆகியவற்றுக்கான மூலத் தரநிலைகளைக் காப்பது இந்த ஆய்வகத்தின் கடமை. இந்திய நேரமும் இங்குள்ள அணுக்கடிகாரங்களிலிருந்தே கணிக்கப்படுகிறது. நாட்டின் எந்த மூலையில் மின்னழுத்தம் அளக்கப்பட்டாலும் அதற்கு இறுதிச் சான்றாக நிற்க வேண்டிய இடம் இதுதான் என்பதால், பொறியாளர்களும் மாணவர்களும் ஒருமுறையேனும் காண வேண்டிய இடங்களில் இதற்கு உயர்ந்த இடம் உண்டு.

வோல்ட்டின் மூலத் தரநிலை எனப்படுவது அலமாரியில் வைக்கத்தக்க ஒரு பொருள் அன்று. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், எட்வர்ட் வெஸ்டன் 1893-இல் உருவாக்கிய, ஏறத்தாழ 1.018 வோல்ட் தரும் காட்மியம் மின்கலமே அந்த இடத்தில் இருந்தது. அசைத்தாலும் வெப்பநிலை சற்று மாறினாலும் தடுமாறக்கூடிய அந்தக் கலத்தின் இடத்தை, பிரையன் ஜோசப்சன் 1962-இல் கணித்துச் சொன்ன ஓர் இயற்பியல் விளைவு எடுத்துக்கொண்டது. மின்தடையே இல்லாத மீக்கடத்திகள் இரண்டுக்கு நடுவே மிக மெல்லிய காப்புப் படலம் அமையுமாறு செய்து, அதைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்து, அதன்மீது நுண்ணலை செலுத்தினால், அதன் இரு முனைகளுக்கும் இடையே தோன்றும் மின்னழுத்தத்தை அலையின் அதிர்வெண்ணும் இரண்டு இயற்கை மாறிலிகளும் மட்டுமே தீர்மானிக்கின்றன. 75 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு சந்தி தருவது சுமார் 155 மைக்ரோவோல்ட். 10 வோல்ட் பெறுவதற்குப் பல்லாயிரம் சந்திகள் ஒரே சில்லில் வரிசையாக இணைக்கப்படுகின்றன. ஓம் என்னும் மின்தடை அலகுக்கு, கிளாஸ் ஃபான் கிளிட்சிங் 1980-இல் பிரான்சின் கிரெனோபிளில் கண்டறிந்த குவாண்டம் ஹால் விளைவு இவ்வாறே அடிப்படையாகிறது. அதில் தோன்றும் 25,812.807 ஓம் என்னும் மதிப்பு, எந்த நாட்டில், எந்தப் பொருளில் செய்த சில்லாயினும் மாறுவதில்லை.

இவ்வளவு உறுதியான இடத்திலும், விலகலை எந்த எல்லை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்னும் வினா மறைந்துவிடுவதில்லை. 2019 மே 20 அன்று அனைத்துலக அலகு முறை மாற்றி வரையறுக்கப்பட்டபோது, 1990 முதல் வழக்கில் இருந்த வோல்ட்டுக்கும் புதிய வோல்ட்டுக்கும் இடையே ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு வேறுபாடு தோன்றியது. 10 வோல்ட்டுக்கு அது ஏறத்தாழ 1 மைக்ரோவோல்ட். தேசிய ஆய்வகங்கள் தம் பதிவேடுகளைத் திருத்திக்கொண்டன. அவற்றுக்கு ஏற்கத்தக்க பிழை எல்லை அவ்வளவு நெருக்கமானது. நல்ல கைமல்டிமீட்டர் ஒன்றுக்கு அதே 10 வோல்ட்டில் 0.05 விழுக்காடு, அதாவது 5,000 மைக்ரோவோல்ட் வரை விலகல் அனுமதிக்கப்படுவதால், அதை வைத்திருப்பவர் இந்த மாற்றத்தை அறியவே தேவையில்லாமல் போயிற்று. ஒரே விலகல் ஓரிடத்தில் பேரளவாகவும் வேறோரிடத்தில் பொருட்படுத்தத் தேவையற்றதாகவும் ஆகிறது. ஆகவே ஏற்கத்தக்க பிழை எல்லையைக் கருவியை மட்டும் பார்த்து வகுத்துவிட முடியாது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்வது பின்வரும் பயணத்துக்கு இன்றியமையாதது. கருவி காட்டும் மதிப்புக்கும் தரநிலை காட்டும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு பிழை. அது ஓர் எண், கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு எழுதத்தக்கது, தெரிந்த பின் திருத்திக்கொள்ளத்தக்கது. அந்தப் பிழையைக் கண்டறிந்த ஒப்பீட்டையே எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்வது நிச்சயமின்மை. தரநிலையின் குறை, அறையின் வெப்பநிலை, இணைப்புக் கம்பிகளில் எழும் சிறு மின்னழுத்தங்கள், கருவியின் கடைசி இலக்கத்தின் தடுமாற்றம் ஆகிய அனைத்தையும் கணக்கிட்டு, உண்மை மதிப்பு ஏறத்தாழ 95 விழுக்காடு வாய்ப்போடு எந்த இடைவெளிக்குள் கிடக்கும் என்று அது கூறுகிறது. பிழையைத் திருத்தலாம், நிச்சயமின்மையைக் குறைக்கலாமே தவிர, நீக்க முடியாது.

தில்லியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் கர்நாடகா எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டரை இரண்டு இரவுகள் ஓடிக் கடக்கிறது. தோல்பூரைத் தாண்டியதும் வரும் சம்பல் ஆற்றின் மண் பிளவுகளும், இட்டார்சிக்கு முன் குறுக்கிடும் நர்மதையும், சோலாப்பூர்ப் பக்கத்தின் வறண்ட மேட்டுநிலமும், ராய்ச்சூருக்கு அருகே அகன்று கிடக்கும் கிருஷ்ணையும் பயணியின் கண்ணுக்கு விருந்தாகலாம். ஆனால் கோடையில் 45 பாகையைத் தொடும் குவாலியர் வெயிலும், வண்டியின் ஓயாத அதிர்வும், ஓர் அளவீட்டுத் தரநிலைக்குப் பெரும் சோதனைகள். வோல்ட்டைச் சுமந்து செல்லும் பெட்டியில், மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்து வைக்கும் செனர் டையோடு ஒன்றும், அதை எப்போதும் ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் சிறு அடுப்பும் இருக்கின்றன. வழியில் அந்த அடுப்பு அணைந்தால் மதிப்பு நகர்ந்துவிடக்கூடும் என்பதால், விமானமாயினும் தொடர்வண்டியாயினும் அது மின்கலத்தால் உயிரூட்டப்பட்டபடியே பயணம் செய்கிறது. புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் அதை அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் நிச்சயமின்மைக் கணக்கில் சேர்ப்பது பொறுப்புள்ள ஆய்வகங்களின் வழக்கம். பயணமே பிழைக்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

பெங்களூரில் சதாசிவநகரில், 1960-இல் நிறுவப்பட்ட மத்திய மின்திறன் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்திருக்கும் சாலைக்குப் பேராசிரியர் சர் சி. வி. இராமன் சாலை என்று பெயர். தில்லியில் கிருஷ்ணன் பெயரிலும் பெங்களூரில் இராமன் பெயரிலும் அமைந்த சாலைகளில், அளவையை நம்பி வாழும் இரண்டு நிறுவனங்கள் நிற்பது தற்செயலே எனினும், அந்த இருவரின் உழைப்பை அறிந்தோருக்கு அது மனநிறைவு தருவது. மின்மாற்றிகள், சுற்று முறிப்பான்கள், மின்வடங்கள், மின்னளவிகள் ஆகியவை சோதிக்கப்படும் இவ்விடத்தில் எல்லை என்பது பெரும்பாலும் சட்டத்தாலும் பணத்தாலும் வகுக்கப்படுகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2006-ஆம் ஆண்டு விதிமுறைகள், வீட்டு இணைப்புகள் போன்ற, 650 வோல்ட் வரையிலான நுகர்வோர் இணைப்புகளுக்குத் துல்லிய வகுப்பு 1.0 அல்லது அதனினும் மேலான மின்னளவியையும், 33 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு 0.2எஸ் வகுப்பையும் கேட்கின்றன. துல்லிய வகுப்பு என்பது, குறிப்பிட்ட நிலைமைகளில் அந்த அளவி எத்தனை விழுக்காடு வரை பிழைபடலாம் என்பதைச் சொல்லும் எண். 100 மெகாவாட் மின்சாரம் ஓராண்டு முழுவதும் தடையின்றிப் பாயும் ஒரு மின்தொடரில் 0.2 விழுக்காட்டுப் பிழை 17,52,000 யூனிட்டுகளுக்குச் சமம். ஒரு வீட்டு இணைப்பில் 1 விழுக்காடு என்பது மாதத்துக்குச் சில யூனிட்டுகள். பிழையால் இழக்கப்படுவது எவ்வளவு, இழப்பவர் யார் என்பவற்றை எண்ணிப் பார்த்து எல்லை வகுப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எல்லையைச் சோதிக்கும் தரநிலை, சோதிக்கப்படும் கருவியைவிட எவ்வளவு மேம்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அடுத்த வினா. பத்து மடங்கு என்பது பழைய விருப்பம். அது பெரும்பாலும் எட்டாக்கனியாக இருந்ததால், அமெரிக்கக் கடற்படையின் அளவுத்திருத்தத் திட்டத்தில் பணியாற்றிய ஜெரி ஹேய்ஸ் 1955-இல் முன்வைத்த ஆய்வின் வழியே நான்குக்கு ஒன்று என்னும் விகிதம் வேரூன்றியது. கருவிக்கு அனுமதிக்கப்படும் எல்லை 4 அலகு என்றால், அதைச் சோதிக்கும் முறையின் நிச்சயமின்மை 1 அலகுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே நிகழ்தகவுக் கணக்குப் போடக் கணினிகள் இல்லாத காலத்தில், எளிதில் கைக்கொள்ளத்தக்க நடைமுறையாக அது எழுந்தது. அதை மாறாத இயற்கை விதி போலக் கருதிப் பல நிறுவனங்கள் இன்றும் தரக் கையேடுகளில் காரணம் அறியாமலே எழுதி வைத்திருப்பது வருந்தத்தக்கது. விகிதம் நான்குக்கு ஒன்றாக இருந்தாலும், விலகல் எல்லையின் விளிம்பிலேயே நிற்கும் கருவியைப் பற்றி அந்த விகிதத்தால் ஒன்றும் சொல்ல இயலாது.

பெங்களூரிலிருந்து கோவைக்குச் செல்லும் நெடுஞ்சாலை, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியே வந்து தொப்பூர்க் கணவாயில் வளைந்திறங்குகிறது. சேலம், சங்ககிரி, பவானி, அவிநாசி என்று மேற்கே செல்லச் செல்லத் தறிப்பட்டறைகளும் நூற்பாலைகளும் பெருகுகின்றன. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் விரைவாக வளர்ந்த தொழில் நிலம் இது. கோவையில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டிய மரபின் தொடர்ச்சியாக, பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர்ப் பகுதிகளில் மோட்டாரும் பம்பும் இன்றும் செய்யப்படுகின்றன. பம்ப் ஒன்றின் திறன் என்பது, அது தூக்கிய நீரின் ஆற்றலை, அது உண்ட மின்னாற்றலால் வகுத்துப் பெறுவது. மின்னாற்றலை அளக்கும் வாட்மீட்டர் 1 விழுக்காடு குறைத்துக் காட்டினால், பம்பின் திறன் அதே அளவுக்குக் கூடித் தோன்றும். தமிழ்நாட்டில் உழவுக்கான மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுவதால் அந்தப் பிழையின் சுமை உழவரின் பணப்பையில் தெரியாமல், மின்வாரியத்தின் கணக்கிலும் வறண்டுவரும் கிணற்றிலும் போய்ச் சேருகிறது.

இந்த நகரின் பட்டறைகளில்தான் எல்லை வகுக்கும் வினா தன் முழு உருவத்தோடு நிற்கிறது. மோட்டாரைச் சோதிக்கும்போது மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று ஒரு பட்டறை தனக்கு விதி வகுத்துக்கொண்டதாகக் கொள்வோம், அது 6.9 வோல்ட். அங்குள்ள மல்டிமீட்டரின் கையேடு, காட்டும் அளவில் 1 விழுக்காடும் கடைசி இலக்கத்தில் 3 எண்ணிக்கையும் பிழையாகலாம் என்கிறது. கடைசி இலக்கம் 0.1 வோல்ட் என்றால், 230 வோல்ட்டில் அது 2.3 வோல்ட்டோடு 0.3 வோல்ட் சேர்ந்து 2.6 வோல்ட் ஆகிறது. பட்டறையின் தேவைக்கும் கருவியின் எல்லைக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 2.7 மட்டுமே, நான்குக்கு ஒன்று என்னும் பழைய அளவுகோலை அது எட்டவில்லை. ஆயினும் கருவியைத் தூக்கி எறியத் தேவையில்லை: தேவையான 6.9 வோல்ட்டிலிருந்து கருவியின் 2.6 வோல்ட்டைக் கழித்து, 4.3 வோல்ட்டுக்குள் நிற்கும் அளவீடுகளை மட்டும், அதாவது 225.7 முதல் 234.3 வோல்ட் வரை காட்டுபவற்றை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும். எல்லையின் இரு கரைகளிலும் இவ்வாறு ஒதுக்கி வைக்கப்படும் பகுதிக்குக் காப்புப் பட்டை என்று பெயர். வயலுக்கு வரப்பு போல, பயிரிட முடியாத அந்தச் சிறு நிலம்தான் பயிரைக் காக்கிறது.

கையேட்டின் அந்த 2.6 வோல்ட்டும் நிபந்தனைகளோடு கூடியது. பெரும்பாலான கைக்கருவிகளின் துல்லியம் 18 முதல் 28 பாகை செல்சியஸ் வரைக்கே உறுதி அளிக்கப்படுகிறது. அதற்கு வெளியே ஒவ்வொரு பாகைக்கும், குறிப்பிட்ட துல்லியத்தின் 0.05 அல்லது 0.1 மடங்கு சேர்த்துக்கொள்ளுமாறு கையேட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். வார்ப்புலைக்கு அருகே வெப்பம் 40 பாகையாக இருந்தால், 12 பாகைக்கு 0.1 மடங்கு வீதம் 1.2 மடங்கு கூடி, 2.6 வோல்ட் என்பது 5.7 வோல்ட் ஆகிவிடுகிறது. அப்போது 6.9 வோல்ட் எல்லையில் எஞ்சுவது 1.2 வோல்ட். குளிரூட்டிய ஆய்வக அறையில் பெற்ற சான்றிதழ், உலைக்கருகே உள்ள மேசையைப் பற்றிப் பேசவே இல்லை என்பதை எவரும் பட்டறை உரிமையாளருக்குச் சொல்வதில்லை. தமிழ்நாட்டின் கோடையை எண்ணாமல் வகுக்கப்படும் பிழை எல்லை, தமிழ்நாட்டுக்கு உரியதாகாது.

அளவுத்திருத்த ஆய்வகத்துக்குச் சென்ற அந்த மல்டிமீட்டரின் பிழை 2.5 வோல்ட் என்றும், அந்த ஒப்பீட்டின் நிச்சயமின்மை 0.4 வோல்ட் என்றும் சான்றிதழ் சொல்கிறது என்க. எண்ணை மட்டும் பார்ப்பவர் 2.6-க்குள் இருப்பதால் கருவி தேறியது என்பார். உண்மைப் பிழையோ 2.1 முதல் 2.9 வோல்ட் வரை எங்கும் இருக்கலாம். நிச்சயமின்மை முழுவதையும் காப்புப் பட்டையாக ஒதுக்கினால் ஏற்பின் எல்லை 2.2 வோல்ட்டாகச் சுருங்கி, அதே கருவி தேறாமல் போகிறது. இவற்றுள் எந்த முறையைப் பின்பற்றுவது என்பதைக் கூறும் ஏற்பாட்டுக்கு முடிவு விதி என்று பெயர். ஆய்வகங்களின் தகுதிக்கான அனைத்துலகத் தரமாகிய ஐஎஸ்ஓ/ஐஇசி 17025, தன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில், தேறியது அல்லது தேறவில்லை என்னும் தீர்ப்பை வாடிக்கையாளர் கேட்கும்போது, எந்த முடிவு விதியின்படி அது வழங்கப்படும் என்பதை முன்னரே தெளிவுபடுத்தி அவரோடு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பணிக்கிறது. ஆய்வகங்களுக்குத் தகுதிச் சான்று அளிக்கும் அமைப்புகளின் அனைத்துலகக் கூட்டமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், காப்புப் பட்டை இல்லாத எளிய ஏற்பில், விளிம்பில் நிற்கும் கருவியைத் தவறாக ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு 50 விழுக்காடு வரை உயரலாம் என்றும், நிச்சயமின்மை முழுவதையும் ஒதுக்கினால் அது 2.5 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்றும் காட்டுகிறது. ஆனால் பட்டை அகலும்போது நல்ல கருவிகள் வீணே தள்ளப்படும் செலவும் கூடுகிறது. எந்த இழப்பை எவர் தாங்குவது என்று தேர்ந்துகொள்வதே இந்த முடிவின் உள்ளடக்கம்.

எல்லையை எப்போதும் இறுக்குவதே நல்லது என்று இதிலிருந்து முடிவு செய்வதும் தவறு. பட்டறைச் சுவரில் பதித்த, 300 வோல்ட் வரை காட்டும், 1.5 வகுப்பைச் சேர்ந்த முள் மீட்டரின் பிழை அதன் முழு அளவின் விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால், முகப்பின் எந்த இடத்திலும் 4.5 வோல்ட் வரை அனுமதிக்கப்படுகிறது. 230 வோல்ட்டில் அது 2 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, 60 வோல்ட்டிலோ 7.5 விழுக்காடு. மின்சாரம் வந்திருக்கிறதா, ஏறக்குறைய எவ்வளவு என்று அறிய மட்டுமே அது பயன்படுமானால் இதில் குறையில்லை. மோட்டார்ச் சுற்றின் மின்காப்பைச் சோதிக்கும் மெக்கருக்கு, வெப்பநிலை, மின்கல நிலை முதலிய தாக்கங்கள் அனைத்தும் சேர்ந்த செயல்பாட்டுப் பிழையாக 30 விழுக்காடு வரை அனைத்துலகத் தரமாகிய ஐஇசி 61557 இடமளிக்கிறது. முதன்முறை கேட்போருக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் நல்ல மின்காப்பு நூறு மெகாஓம்களிலும் பழுதுபட்டது ஒரு மெகாஓமை ஒட்டியும் நிற்கும்போது, 100-ஐ 130 என்று காட்டினாலும் தீர்ப்பு மாறுவதில்லை. அந்த மெக்கருக்கு 1 விழுக்காட்டுத் துல்லியம் வேண்டும் என்று கொள்முதல் ஆணையில் எழுதுவது பணத்தை வீணாக்குவது. வாட்மீட்டருக்கு 5 விழுக்காடு போதும் என்று விட்டுவிடுவது வாங்குபவரை ஏமாற்றுவது.

ஆண்டுக்கொருமுறை கருவியில் ஒட்டப்படும் அளவுத்திருத்தச் சீட்டும் முழு உறுதி தருவதன்று. கருவி ஆய்வகத்தில் இருந்த நாளில் எப்படி இருந்தது என்பதையே சான்றிதழ் சொல்கிறது. அடுத்த நாளே அது மேசையிலிருந்து விழலாம். மறுதிருத்தம் எப்போது என்பதையும் ஆய்வகம் தானாக எழுதக் கூடாது, வாடிக்கையாளரோடு ஒத்துக்கொண்டால் மட்டுமே எழுதலாம் என்று 17025 தரம் விதித்திருப்பதற்கு இதுவே காரணம்: கருவி எவ்வாறு கையாளப்படுகிறது, அதன் பிழை ஆண்டுதோறும் எந்தத் திசையில் நகர்கிறது என்பவை அதைப் பயன்படுத்துபவருக்கே தெரியும். மூன்று ஆண்டுகளின் சான்றிதழ்களை அருகருகே வைத்து 0.8, 1.6, 2.5 என்று ஏறிவரும் பிழையைக் காண்பவர், 2.6 என்னும் எல்லை அடுத்த ஆண்டில் உடையும் என்பதை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்வார். கோப்பில் இட்டுப் பூட்டுபவருக்கு அந்த அறிவு கிட்டாது.

ஆகவே, கருவியை ஆய்வகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு பட்டறையும், அனுப்பும் முன்பே, அது எந்த வேலைக்குப் பயன்படுகிறது, அந்த வேலை எவ்வளவு பிழையைத் தாங்கும், எந்த முடிவு விதியின்படி தீர்ப்புச் சொல்லப்பட வேண்டும் என்பவற்றைத் தன் கையால் எழுதி இணைக்க வேண்டும்; சான்றிதழ் திரும்பி வந்ததும் கருவியோடு நாள்தோறும் பழகும் தொழிலாளி அதைப் படிக்குமாறு செய்ய வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் மீட்டரைப் படிக்கக் கற்பிக்கும் அதே பாடத்தில் சான்றிதழைப் படிக்கவும் கற்பித்தல் வேண்டும். தில்லி வோல்ட்டைத் தரும், பெங்களூரு சோதனையைத் தரும். எல்லையைத் தர வேண்டியது கோவையின் பட்டறையே.